லோயர் ஆர்ம் புஷ் மாற்றும் முறை: எதைப் பாலியாக்கலாம், எதை விட்டுவிடலாம்

ஸ்விஃப்ட் ஸ்போர்ட், போலோ ஜிடிஐ, ஃபியஸ்டா எஸ்டி போன்ற சின்ன ஹாட் ஹேட்ச் வைத்திருப்பவர்கள் முதலில் கை வைப்பது ஸ்பிரிங்கிலும் ஷாக் அப்சார்பரிலும்தான். புஷ் என்பது ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் அதிர்வைத் தாங்கும், நடுவில் உலோகக் குழாய் வைத்த ரப்பர் உருளை. வெளியே தெரியாத சாமான், அதை யாரும் சீண்டுவதில்லை. பிரேக் அழுத்தினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, மேடு பள்ளத்தில் முன்னால் ‘டொக்’ என்கிறது, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது என்றால் ஷாக்கை மாற்றுமுன் முன் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு இணைக்கும் கை) பின்பக்க புஷ்ஷைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தைப் பின்னால் தள்ளும் விசையில் பெரும்பங்கு அதன் தலையில்தான் விழுகிறது. ரப்பர் கிழிந்தால் சக்கரம் பின்னால் நகரும், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மாறும், ஸ்டியரிங் அலையும்.

எதை வாங்குவது

ரப்பருக்குப் பதிலாகப் போடும் கடினமான செயற்கைப் பொருள் பாலியூரிதேன், சுருக்கமாகப் பாலி. கடினத்தை ஷோர் ஏ அளவில் சொல்வார்கள், எண் கூடினால் கடினம் கூடும். கம்பெனி ரப்பர் சுமார் 50 முதல் 65 இருக்கும். சாலைக்கான பாலி 70–80, டிராக்குக்கானது 95 வரை போகும். தினமும் ஓட்டும் வண்டிக்கு 80-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கட்சி.

எல்லா புஷ்ஷையும் மாற்றும் முழு செட்டைப் பார்த்து மயங்காதீர்கள். பாலி புஷ் நடுக்குழாயைச் சுற்றி ஒரே அச்சில் சுழலத்தான் விரும்பும். ஆர்ம் ஏறி இறங்கும்போது போல்ட் கிடையாகப் படுத்திருக்கும் இடங்களில் அது பிரமாதம். சில வண்டிகளில் பின்பக்க புஷ்ஷின் போல்ட் செங்குத்தாக நிற்கும். அங்கே புஷ் சுழலுவதோடு சாயவும் வேண்டும், பாலி முரண்டு பிடிக்கலாம். அந்த இடத்துக்கு இடைவெளி இல்லாத கட்டி ரப்பர் புஷ்தான் என் தேர்வு. மார்க் 4 கோல்ஃப் வைத்திருப்பவர்கள் ஆடி டிடியின் புஷ்ஷைப் போட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

பின்னால் இருக்கும் டுவிஸ்ட் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் குறுக்குச் சட்டம்) புஷ்ஷை விட்டுவிடுங்கள். வளைவில் பீம் எவ்வளவு, எந்தத் திசையில் நகர வேண்டும் என்று கணக்குப் போட்டே அதை வடிவமைக்கிறார்கள். கடினமாக்கினால் அந்தக் கணக்கு கெடும், இரைச்சலும் நேரே கேபினுக்குள் வரும். பழசாகியிருந்தால் புதிய ரப்பரே போதும்.

கருவிகள்

நல்ல ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட், நீளக் கைப்பிடி, டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு விசையில் இறுக்கும் ஸ்பானர்), ஹேக்ஸா பிளேடு. புஷ்ஷை அழுத்தி எடுக்க ஹைட்ராலிக் பிரஸ் சுகம்தான், ஆனால் ஹை டென்சைல் எம்12 திரெட் ராடும் பெரிய சாக்கெட்டுகளும் இருந்தால் வீட்டிலேயே முடியும். இம்பாக்ட் கன்னை நான் இந்த வேலைக்குத் தொடுவதில்லை. சப்ஃபிரேமுக்குள் (ஆர்ம் மாட்டியிருக்கும், வண்டியின் அடியிலுள்ள சட்டம்) வெல்டு செய்த நட் பிய்த்துக்கொண்டால் ஒரு மணி நேர வேலை ஒரு வாரமாகிவிடும்.

படி 1: தூக்கும் முன் அளவு எடுங்கள்

வண்டி தரையில் நிற்கும்போதே சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் படியில் இந்த எண் இல்லாமல் நகர முடியாது. போல்டுகளுக்கெல்லாம் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள்.

படி 2: ஆர்மைக் கழற்றுதல்

தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை எடுங்கள். ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) ஆர்மில் இருந்தால் அதையும், பிறகு ஆர்மின் வெளிமுனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டையும் விடுவியுங்கள். கவைக்கோல் மாதிரி இருக்கும் பிரிப்பான் ரப்பர் உறையைக் கிழித்துவிடும், திருகி அழுத்தும் வகையை வாங்குங்கள். கடைசியில் சப்ஃபிரேம் போல்டுகள்.

படி 3: பழைய புஷ்ஷை வெளியே எடுத்தல்

என் நேரத்தைத் தின்றது இந்தப் படிதான். முதலில் புஷ் எந்தத் திசையில் இருக்கிறது, இருபுறமும் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று பெயின்டால் குறியிட்டு ஒரு படம் எடுங்கள். திரும்ப ரப்பர் போடப்போகிறீர்கள் என்றால், அதிலுள்ள இடைவெளிகள் அதே கோணத்தில் உட்கார வேண்டும்.

அடுத்து, செட்டோடு வந்த தாளைப் படியுங்கள். சில பாலி செட்டுக்குப் பழைய வெளி உலோக வளையத்தை எடுக்க வேண்டும், சிலவற்றுக்கு அது உள்ளேயே இருக்க வேண்டும். வெட்டிய பிறகு படித்துப் பயனில்லை.

வளையம் போக வேண்டும் என்றால்: டிரில்லால் ரப்பரைச் சுற்றிலும் துளைத்து நடுக்குழாயைத் தட்டி எடுங்கள். ரப்பரைக் கொளுத்தும் வழியைச் சிலர் சொல்வார்கள், அந்தப் புகை நெஞ்சுக்கு நல்லதல்ல. பிறகு ஹேக்ஸா பிளேடைத் துளைக்குள் விட்டுக் கோத்து, வளையத்தை உள்ளிருந்து வெளியாக அறுங்கள். அவசரப்படாதீர்கள். வெட்டின் அடியில் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் வளையத்துக்கும் ஆர்முக்கும் நடுவிலுள்ள துரு வந்துவிட்டது, அங்கேயே நிறுத்துங்கள். சற்றுத் தள்ளி இன்னொரு வெட்டு. இரண்டுக்கும் நடுவிலுள்ள பட்டையைச் சிற்றுளியால் உள்நோக்கி மடக்கினால் பிடிப்பு தளர்ந்து வளையம் கழன்று வரும்.

தகட்டு ஆர்மாக இருந்தால் துளையின் விளிம்பை நன்றாகத் தாங்கிப் பிடித்தே அழுத்துங்கள், இல்லாவிட்டால் தகடு நசுங்கும். அலுமினிய ஆர்மில் சுத்தியல் கூடாது.

படி 4: புதியது

துளையை எமரி தாளால் துருப்போகத் தேய்த்து, பிசிறுகளை அரத்தால் எடுங்கள். பாலியின் இரண்டு பாதிகளையும் கையாலோ வைஸிலோ அழுத்தினால் உட்கார்ந்துவிடும். செட்டோடு வரும் சிலிக்கான் கிரீஸை உட்துளையிலும், ஆர்மோடும் சப்ஃபிரேமோடும் உரசும் விளிம்பு முகங்களிலும் தாராளமாகப் பூசி நடுக்குழாயைச் செருகுங்கள். வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம்.

படி 5: இறுக்குதல்

ஆர்மை மாட்டிப் போல்டுகளைக் கையால் மட்டும் முடுக்குங்கள். ரப்பர் புஷ்ஷில் உள்குழாயும் ரப்பரும் ஒட்டியிருக்கும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கேறியே நிற்கும், சீக்கிரம் கிழியும். பாலியில் குழாய் தனியே சுழலும், அதனால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஆர்மில் ஒன்று பாலி, இன்னொன்று ரப்பர் என்றால் ரப்பருக்கான விதி அப்படியே இருக்கிறது. ஆர்மின் வெளிமுனையை ஜாக்கியால், முதலில் எடுத்த அளவு வரும்வரை உயர்த்துங்கள். வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பத் தொடங்கினால் நிறுத்தி, சாய்தளத்தில் ஏற்றி இறுக்குங்கள். மேனுவலில் இறுக்கும் அளவில் நியூட்டன் மீட்டருக்குப் பிறகு, மேலும் எவ்வளவு திருப்ப வேண்டும் என்ற டிகிரிக் கணக்கும் இருந்தால் அது பெரும்பாலும் ஒருமுறை மட்டும் பயன்படும் போல்ட், புதியது வாங்குங்கள்.

வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

பின்சேர்க்கை, படித்தவர்கள் எழுதிய சிக்கல்கள்

‘மழைக்குப் பிறகு கிறீச்சிடுகிறது’: விளிம்பு முகங்களில் கிரீஸ் பூசாததுதான் காரணமாக இருக்கும். கழற்றிப் பூசுவதைத் தவிர வழியில்லை.

‘இறுக்கியதும் ஆர்ம் அசையவே இல்லை’: நடுக்குழாய் புஷ்ஷைவிட இம்மியளவாவது நீளமாக இருக்க வேண்டும், அப்போதுதான் போல்ட் குழாயை மட்டும் கவ்வும். புஷ் முழுமையாக உட்காராமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

‘போல்ட் சுற்றுகிறது, வெளியே வரவில்லை’: போல்ட் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது, ரப்பர் கிழிந்து இரண்டும் சேர்ந்தே சுழல்கின்றன. சுத்தியலை வைத்துவிட்டு, ஆர்முக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவில் பிளேடு விட்டு இருபுறமும் போல்டை அறுத்துவிடுங்கள். நட் பக்கம் மிஞ்சும் துண்டைத் தனியே திருகி எடுக்கலாம்.