முதலில் பிரேக், கடைசியில் பெயின்ட்: பழைய சைக்கிளைப் பிள்ளைக்காகச் சீராக்கும் முறை

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓட வேண்டுமானால் மிதிக்க வேண்டும். எங்கள் மலைப் பக்கத்தில் மிதிக்காமலேயே ஓடும், நிறுத்துவதுதான் பாடு. ஆகவே பழைய சிறுவர் சைக்கிள் ஒன்று கையில் கிடைத்ததும் பெயின்ட் டின்னைத் தேடி ஓடாதீர்கள். தோட்டத்து இறக்கத்தில் பிள்ளையைக் காப்பாற்றப் போவது நிறமில்லை.

இந்த வேலைக்கு முன் அனுபவம் தேவையில்லை. 15 மில்லிமீற்றர் ஸ்பேனர், சிறு ஸ்பேனர்கள் சில, ஸ்க்ரூ டிரைவர், குறடு, கிரீஸ், மண்ணெண்ணெய், பழைய துணி, இஸ்தோப்பில் ஒரு மூலை. அவ்வளவுதான்.

1. வாங்கும் முன் பாருங்கள்

பெரும்பாலும் கைக்கு வருவது ஜப்பானில் பாவித்த சைக்கிள் அல்லது உள்ளூர்த் தயாரிப்பான லுமாலா. எதுவானாலும் ஹேண்டிலுக்குக் கீழே சட்டக் குழாய்கள் சேரும் இடத்தைத் துடைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். பெயின்ட் சுருங்கியிருந்தால் சட்டம் எங்கேயோ மோதி வளைந்திருக்கிறது. மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் அதை இரும்புக்காரரிடமே விட்டுவிடுங்கள்; ஒட்டவைத்துப் பிள்ளையை ஏற்றும் யோசனை வேண்டாம்.

அளவிலும் கவனம் தேவை. பள்ளிச் சீருடையைப் போல "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பெரியதாக வாங்குவது நம் பழக்கம். சைக்கிளில் அது ஆபத்து. சீட்டை முழுவதும் இறக்கியபின் பிள்ளையின் இரண்டு பாதங்களும் நிலத்தில் முழுதாகப் பதிய வேண்டும்.

அடுத்து, ஒரு காந்தத்தை ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். ஏன் என்பதைப் பிரேக் பகுதியில் சொல்கிறேன்.

2. கழற்றுதல்

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். இறுகிப்போன நட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். அவசரப்பட்டால் நட்டின் முனைதான் தேயும்.

புதியவர்கள் திணறும் இடம் பெடல். இடப் பக்கப் பெடலின் மரை தலைகீழானது. குழம்ப வேண்டாம்: ஸ்பேனரை மேல்நோக்கி நிற்குமாறு மாட்டி, பின் சக்கரப் பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும்.

3. துரு

நட்டு, போல்ட் போன்ற சிறு இரும்புப் பாகங்களை வினாகிரியில் ஓர் இரவு ஊற வையுங்கள். மறுநாள் தேய்த்து, அப்பச் சோடா கலந்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்று விட்டால் எங்கள் மூடுபனியில் காலைக்குள் புதுத்துரு ஏறிவிடும். அலுமினியப் பாகங்களையும் செயினையும் வினாகிரியில் போட வேண்டாம். பளபளப்புப் பூச்சுள்ள இரும்பை, கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும்.

4. சக்கரத்தின் உள்ளே

அச்சைத் திறந்து பழைய கிரீஸை மண்ணெண்ணெயால் கழுவுங்கள். உள்ளே உருளும் இரும்புக் குண்டுகளில் ஒன்று குழி விழுந்திருந்தாலும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கடைக்கு ஒரு குண்டை மாதிரியாகக் கொண்டு போங்கள்; முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பெரும்பாலும் அளவு வேறு. புதுக் கிரீஸ் வைத்துப் பூட்டியபின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. மெதுவாகச் சுழற்றி விட்டால், வால்வின் கனத்துக்கே சக்கரம் திரும்பி, வால்வு கீழே வந்து நிற்க வேண்டும்.

5. பிரேக்

இங்கேதான் நேரத்தையும் காசையும் செலவழிக்க வேண்டும்.

கேபிள் பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் உள் கம்பி, வெளிக் குழாய் இரண்டையும் மாற்றுங்கள். குழாய்க்குள் இருக்கும் துரு கண்ணுக்குத் தெரியாது. கல்லாக இறுகிய ரப்பர் கட்டைகளையும் தூக்கிப் போடுங்கள். புதுக் கட்டை ரிம்மில் மட்டுமே பட வேண்டும். டயரில் உரசினால் டயர் அறுந்துவிடும். கட்டையின் முன் நுனி ஒரு மயிரளவு முந்தி ரிம்மைத் தொடுமாறு வைத்தால் கீச்சிடாது.

இப்போது காந்தத்துக்கு வருவோம். இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் வழுக்கும். வெயிலில் நன்றாகப் பிடித்த அதே பிரேக் மழையில் பிடிப்பின் பெரும்பகுதியை இழந்துவிடும். தலவாக்கலையிலோ மஸ்கெலியாவிலோ மழையைத் தவிர்த்து ஓட்டச் சொல்ல முடியுமா? முடிந்தால் அலுமினிய ரிம் உள்ள முன் சக்கரமாக மாற்றிவிடுங்கள். 20 அங்குலம் என்று சொல்லப்படுவதிலேயே 406, 451 (ரிம்மில் டயர் அமரும் விட்டம், மில்லிமீற்றரில்) என இரண்டு அளவுகள் உண்டு. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. டயரின் பக்கத்தில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

பல ஜப்பான் சைக்கிள்களில் பின் பிரேக், அச்சை ஒட்டிய வட்டப் பெட்டிக்குள் பட்டியாக இருக்கும். ரிம் நனைந்தாலும் அதற்குக் கவலையில்லை. கத்துகிறதே என்று அதற்குள் எண்ணெய் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சத்தம் நிற்கும், சைக்கிள் நிற்காது.

பிரேக் பிடி பிள்ளையின் விரலுக்கு எட்ட வேண்டும். பிடியின் அடியில் சிறு திருகு இருந்தால் அதை உள்ளே முறுக்கிப் பிடியை ஹேண்டிலுக்கு அருகே கொண்டு வரலாம். பிறகு சோதனை: ரிம்மில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, பிள்ளையையே பிரேக் பிடிக்கச் சொல்லி, நீங்கள் சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். உங்கள் கைப்பலம் இங்கே கணக்கில் வராது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு சோதியுங்கள்.

6. செயின், டயர், பெயின்ட்

செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் 1/16 அங்குலம் நீண்டிருந்தால் புதியது வாங்குங்கள். பக்கச் சுவரில் வெடிப்புள்ள டயரையும் அப்படியே.

பெயின்ட் பிள்ளையின் விருப்பம். பழையதை சாண்ட் பேப்பரால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, மேலே நிறம் அடியுங்கள். ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை ஓயும்வரை இதைத் தள்ளிப் போடலாம். அந்த மாதங்களில் பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்கு வெயில் கிடைக்கும். பனிமூட்டத்துக்காகப் பின்னால் சிவப்பு ஒளி தெறிக்கும் வில்லையும், ஒரு மணியும் கட்டாயம்.

7. முதல் ஓட்டம்

தார் வீதியில் வேண்டாம். பெரட்டுக் களம் (தோட்டத் தொழிலாளர் காலையில் கூடும் இடம்), கோயில் முற்றம், பாடசாலை மைதானம் என ஏதாவது சமதரையில், ஹெல்மெட்டோடு தொடங்குங்கள். எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்தை நிறுத்துகிறது என்பதைப் பிள்ளை சொல்லிக் காட்ட வேண்டும். ஜப்பான் சைக்கிளில் வலக் கை முன் சக்கரம். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் திடீரென அழுத்தினால் தலைகுப்புற விழலாம் என்பதால், இரண்டையும் சேர்த்து மெல்ல அழுத்தப் பழக்குங்கள். முதல் இறக்கத்துக்கு, முடிவில் சிறு ஏற்றம் உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

சில நாள் ஓடியதும் புதுக் கேபிள் தளரும். கேபிள் பிடிக்குள் நுழையும் இடத்தில் உள்ள திருகைச் சற்று வெளிப்பக்கமாகத் திருப்பிக் கேபிளை இறுக்கி, சக்கர நட்டுகளையும் ஒருமுறை ஸ்பேனரால் பார்த்துவிடுங்கள்.