பங்குனி, சித்திரையில் மன்னாருக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மாசி கழிந்தால் வன்னிக் கரையில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது என்று நினைத்து, பயணத்தை அடுத்த மார்கழிக்குத் தள்ளிவைப்பவர்கள் நிறையப்பேர். தலை எண்ணிப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். பங்குனி பிறந்ததும் மன்னார்த் தீவுக்குக் கடலைக் கடந்து போகும் தாம்போதியின் இருபக்கமும் தாராக்கூட்டம் மெலியத் தொடங்கும். சித்திரை முடியும்போது பெரும்பாலானவை வடக்கே போய்விடும். ஆனால் பறவையைப் பார்த்துப் பழக விரும்புகிறவருக்கு இந்த இரண்டு மாதத்தை விட நல்ல காலம் வன்னியில் இல்லை என்பது என் கருத்து. மழைத்தண்ணீர் வற்றி, களப்புகள் சுருங்கி, எஞ்சிய சேற்றில் எல்லாமே நெருங்கி நின்று மேயும். அதோடு, போகப்போகிற பறவைகள் உடுப்பு மாற்றத் தொடங்குகிற நேரமும் இதுதான்.

அங்கேதான் அடுத்த தவறு. மார்கழியில் சேற்றில் மேயும் கரைப்பறவைகளான உள்ளான்கள் எல்லாம் சாம்பலும் வெள்ளையுமாக நிற்கும். அதே வளைமூக்கு உள்ளான் சித்திரையில் கழுத்திலிருந்து வயிறுவரை செங்கல் நிறமாகிவிடும். கருவால் மூக்கனின் கழுத்தும் நெஞ்சும் சிவக்கும். பசிபிக் பொன் உப்புக்கொத்திக்கு அடிப்பக்கம் திட்டுத்திட்டாகக் கறுக்கும். பழுப்புத்தலைக் கடற்காகம் குளிர்காலம் முழுக்க வெள்ளைத் தலையோடு, காதடியில் ஒரு கறுப்புப் பொட்டோடு திரியும். பங்குனியில்தான் அதன் பெயருக்கேற்ற தலை வரும். கட்டுக்கரைக்குளத்துக்கு மேலே பறக்கிற மீசை ஆலாவுக்குக் கறுப்புத் தொப்பியும் இருண்ட வயிறும் வந்துவிடும். இவற்றைப் பார்த்துவிட்டு "புதுப் பறவை ஒண்டு வந்திருக்கு" என்று படம் போடுகிறவர்களை ஒவ்வொரு வருடமும் காணலாம். ஊர்ப் பறவைகளும் விதிவிலக்கில்லை. வயலில் மாட்டின் பின்னால் போகும் உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் பொன்மஞ்சளாகும்.

நிறத்தை நம்பாதீர்கள். சொண்டின் நீளம், அதன் வளைவு, கால் நீளம், மேய்கிற விதம், இந்த நான்கையும் முதலில் பாருங்கள். உள்ளான் தையல் ஊசி மாதிரி விடாமல் குத்திக்கொண்டே போகும். உப்புக்கொத்தி ஓடும், நிற்கும், பார்க்கும், பிறகு ஒரு கொத்து. இந்த வித்தியாசம் எந்த மாதத்திலும் மாறாது. கைபேசிச் செயலி ஒரு பெயரைச் சொன்னால் அதை ஒரு ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பூநாரைக் கூட்டத்தில் சாம்பல் நிறமாக நிற்பவற்றை நோய்ப்பட்டவை என்று நினைப்பதும் உண்டு. அவை குஞ்சுப் பருவம் கடந்து சில வருடங்களேயான இளசுகள். இளஞ்சிவப்பு அவை தின்னும் நுண்பாசியிலிருந்தும் சிறு இறால் வகைகளிலிருந்தும் மெல்ல மெல்ல ஏறுவது.

கூட்டத்தைக் கிளப்புவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். பூநாரை பறக்கும்போதுதான் சிறகின் சிவப்பும் கறுப்பும் தெரியும், அந்தப் படத்துக்காகச் சிலர் கை தட்டுகிறார்கள், கல் எறிகிறார்கள், வள்ளத்தை நேரே விடுகிறார்கள், ட்ரோன் அனுப்புகிறார்கள். மார்கழியில் செய்தாலும் அது கேடுதான். பங்குனியில் செய்வது இரட்டைக் கேடு. சைபீரியத் துருவக் கரைவரை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போகவேண்டிய உள்ளான்கள் இப்போது இரவுபகலாகத் தின்று உடம்பில் கொழுப்புச் சேர்க்கின்றன. சில இனங்கள் புறப்படுமுன் தம் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொள்ளும். ஒருமுறை எழுப்பினால் மேய்ச்சல் நேரமும் போகிறது, சேர்த்த கொழுப்பும் எரிகிறது. மன்னாரின் வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டு 2010இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததற்குக் காரணமே, மத்திய ஆசிய வலசைப்பாதையின் தென்கோடியில் இந்தப் பறவைகள் தங்கித் தின்னும் இடம் அது என்பதுதான்.

எவ்வளவு கிட்டப் போகலாம் என்று மீற்றர்க் கணக்குக் கேட்பவர்களுக்குச் சரியான பதில் இல்லை. பறவையே சொல்லும். மேய்ச்சலை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால் நீங்கள் வந்தது காணும். எல்லாமே ஒரே பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினால் பின்வாங்குங்கள். பறந்துவிட்டால், எவ்வளவு நல்ல படம் கிடைத்திருந்தாலும் நீங்கள் தவறிவிட்டீர்கள். வாகனத்துக்குப் பழகிய பறவை நடந்து வரும் மனிதருக்குப் பயப்படும்; ஆகவே ஓட்டோவிலோ வானிலோ இருந்தபடி பார்ப்பது நல்லது. ஆனால் தாம்போதியின் நடுவில் வாகனத்தை நிறுத்தாதீர்கள். அது மன்னார்த் தீவுக்குள் போகும் பிரதான வீதி, பஸ்ஸும் லொறியும் நிற்காமல் போகும்.

ட்ரோன் பறக்கவிட இலங்கையில் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். காப்பகங்களுக்குள் வனசீவராசிகள் திணைக்களமும் சம்மதிக்கவேண்டும். வன்னிக் கரையில் கடற்படை முகாம்கள் நெருக்கமாக இருப்பதால் இதில் சட்டச் சிக்கல் மட்டுமில்லை, வேறு தலையிடியும் வரும்.

காலடியில் முட்டை

மணலும் உப்புத்தரவையும் வெறும் நிலம் என்று நினைத்து மோட்டார் சைக்கிளை உள்ளே விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. கோடை தொடங்கும்போது அந்த வெறும் நிலத்தில்தான் ஆள்காட்டி, சின்ன ஆலா, நெடுங்கால் உள்ளான், சிறு உப்புக்கொத்திகள் எல்லாம் முட்டையிடுகின்றன. கூடு என்று ஒன்றுமில்லை. ஒரு சிறு பள்ளம், நாலு சிப்பித்துண்டு, மணல் நிறத்தில் இரண்டு முதல் நாலு முட்டை.

இவற்றுள் ஒன்றைத் தனியே சொல்லவேண்டும். இங்கேயே வாழும் சிறு உப்புக்கொத்தியை நீண்டகாலம் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு துணையினம் என்றுதான் வைத்திருந்தார்கள். மன்னாரில் நடந்த கள ஆய்வின் பலனாக 2023இல் அது தனி இனம் என்று நிறுவப்பட்டு, இராமர் அணையின் கதையை ஒட்டி ஹனுமான் உப்புக்கொத்தி என்ற பெயரும் பெற்றது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் அது முட்டையிடுகிறது. வடக்கிலிருந்து வரும் உறவினரைவிடச் சற்றுச் சிறிது. கால் கறுப்பாக இல்லாமல் கடுஞ்சாம்பலாக இருக்கும். கண்ட பறவைகளுக்கு உலகப் பட்டியல் வைத்திருப்பவர்கள் இனித் தேடி வரப்போகும் பறவை இது.

ஒரு சிறு பறவை உங்களுக்கு முன்னால் சிறகொடிந்ததுபோல் இழுத்து இழுத்து ஓடினால், இரங்கிப் பின்னால் போகாதீர்கள். முட்டையோ குஞ்சோ மிகக் கிட்ட இருக்கிறது. வந்த தடத்திலேயே திரும்புங்கள். நடுவெயிலில் தாய்ப்பறவை முட்டைக்கு மேல் நிழலாக நிற்கும், வயிற்று இறகை நனைத்து வந்து ஈரம் கொடுக்கும். நீங்கள் அங்கே நின்று லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தால், அந்த மணல் சூட்டில் முட்டைக்குள் இருக்கும் உயிர் தாங்காது.

தலைமன்னாருக்கு அப்பால் கடலில் உள்ள மணல் தீடைகளுக்கும் இதே கதைதான். வைகாசி தொடக்கம் அங்கே ஆலாக்கள் கூட்டமாக முட்டையிடும். அந்தப் பகுதி தேசியப் பூங்கா, அனுமதியின்றி இறங்கக்கூடாது. "நான் கொண்டுபோய் விடுறன்" என்று யாராவது வள்ளத்தோடு நின்றாலும் மறுத்துவிடுங்கள்.

தண்ணீரும் காற்றும்

இணையத்தில் வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்த்துவிட்டு மட்டும் வருவது இன்னொரு பிழை. இலங்கைக் கரையில் பெருக்கின் உயரம் ஒரு மீற்றரை எட்டாது. ஆனால் மன்னார்க் கரை அவ்வளவு தட்டை. ஒரு சாண் ஏறினால் தண்ணீர் நெடுந்தூரம் உள்ளே வரும். வாடைக்காற்று ஓய்ந்து சோழகம் எழும்பும் இடைக்காலத்தில் காற்றுத்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. அதனால் அட்டவணையை விட மீன்பிடி வாடியில் வலை பொத்துகிற ஒருவரைக் கேட்பது மேல்: "அண்ணை, இண்டைக்குத் தண்ணி எந்தப் பக்கம் நிக்குது?" என்றால், பறவை எங்கே நிற்கிறதென்றும் சேர்த்தே சொல்லிவிடுவார். "உதுக்குள்ள இறங்காதை தம்பி, புதையும்" என்று அவர் சொன்னால் இறங்காதீர்கள். மேலே காய்ந்து வெடித்த உப்புப் பொருக்கு, கீழே முழங்கால்வரை சேறு.

காலை ஒன்பது மணிக்குப் பிறகு தொலைநோக்கியில் கானல் ஆடத் தொடங்கும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும். விடியப் போங்கள், வெயிலை முதுகில் வைத்து நில்லுங்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றி ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியிலிருந்து வருபவர்களுக்குத்தான். சிவப்புப் பலகையில் மண்டையோடு இருந்தால் அது கண்ணிவெடி எச்சரிக்கை, அதற்கப்பால் ஒரு அடியும் வைக்கக்கூடாது. பலகை இல்லாத பற்றைக்குள்ளும் பழகிய தடத்தை விட்டு விலகாதீர்கள். கோடையில் தண்ணீர் தேடி யானை குளக்கட்டுக்கு வரும், பொழுதுபடும் முன் குளக்கரையை விட்டுக் கிளம்புங்கள். மணலில் சுருட்டை விரியனும் வயல்வரம்பில் கண்ணாடிப் புடையனும் உண்டு. செருப்போடு இறங்காமல் சப்பாத்துப் போடுங்கள். மன்னார் நகரத்துக் கழுதைகளுக்குப் பாணும் பிஸ்கட்டும் கொடுக்கவேண்டாம், அவை வீதியோரம் வாகனங்களை எதிர்பார்த்து நிற்கப் பழகிவிடும். கடற்பசு காட்டுகிறேன் என்று வள்ளக்காரர் யாரும் உறுதி சொன்னால் நம்பாதீர்கள். பாக்குநீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் அது இருக்கிறது, ஆனால் கடலிலேயே வயது போனவர்களுக்கும் அரிதாகத்தான் தென்படுகிறது.

கடைசியாகக் குறிப்பு எழுதுவது. கூட்டின் சரியான இடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள், ஊர்ப்பெயர் போதும். கால்களில் ஆய்வாளர்கள் இட்ட நிறக் கொடியோ வளையமோ உள்ள உள்ளானைக் கண்டால் மட்டும் விபரமாக எழுதுங்கள்: எந்த நிறம், இடக்காலா வலக்காலா, முழங்கால் மூட்டுக்கு மேலா கீழா, எழுத்து இருந்தால் என்ன எழுத்து, எந்த நாள், எந்த இடம். கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கு அதை அனுப்பலாம். இரண்டு நிறங்களின் வரிசை மாறிப்போனாலே பறவை வேறு நாட்டில் வளையமிட்டதாகிவிடும்; ஆகவே வீடு வந்து நினைவிலிருந்து எழுதாமல், நிற்கிற இடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.