டிஸ்டிங்குவிஷ்ட் ரைஃபிள்மேன் பேட்ஜ்: முதல் லெக் எடுப்பது எப்படி?

டிஸ்டிங்குவிஷ்ட் ரைஃபிள்மேன் பேட்ஜை ஒரே போட்டியில் ஜெயித்து வாங்க முடியாது. பல போட்டிகளில், பெரும்பாலானவர்களுக்குப் பல வருடங்களில், புள்ளி புள்ளியாகச் சேர்த்துத்தான் வாங்க முடியும். அமெரிக்க ராணுவம் 1884-ல் தன் சிறந்த சுடுநர்களுக்காக ஏற்படுத்திய தகுதி இது. இன்று அங்கே பொதுமக்களுக்கு இதைத் தருவது சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம், சுருக்கமாக சி.எம்.பி. நானும் இந்தப் புள்ளிகளுக்காகப் பல கோடைகளைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் கழித்திருக்கிறேன். முதன்முதலாகத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் புள்ளிக் கணக்கு

இந்தப் புள்ளிகள் கிடைக்கும் போட்டிக்கு எக்ஸலன்ஸ் இன் காம்பெடிஷன் என்று பெயர். எல்லோரும் இ.ஐ.சி. என்றே சொல்வார்கள். ஒரு போட்டியில் புள்ளி வாங்கினால் அதை 'லெக்' என்பார்கள். ஏற்கெனவே டிஸ்டிங்குவிஷ்ட் ஆனவர்களை, அதாவது பேட்ஜ் வாங்கிவிட்டவர்களைக் கழித்துவிட்டு, போட்டியை முழுதாக முடித்த மற்றவர்களில் முதல் பத்து சதவீதத்தினருக்கு மட்டும் லெக் உண்டு.

அப்படி 120 பேர் முடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 பேருக்கு லெக். அந்தப் பன்னிரண்டில் மேலே இருக்கும் ஆறில் ஒரு பங்கு, அதாவது 2 பேருக்குத் தங்கம், 10 புள்ளி. அடுத்த 4 பேருக்கு வெள்ளி, 8 புள்ளி. மீதி 6 பேருக்கு வெண்கலம், 6 புள்ளி. மொத்தம் 30 புள்ளி சேர்ந்தால் பேட்ஜ்.

ஒரு நிபந்தனையும் இருக்கிறது. உங்கள் லெக்குகளில் ஒன்றாவது 8 அல்லது 10 புள்ளி லெக்காக இருக்க வேண்டும். ஐந்து வெண்கலம் எடுத்தால் கூட்டினால் 30 வரும், ஆனாலும் பேட்ஜ் வராது. அந்தப் பெரிய லெக்கை 'ஹார்ட் லெக்' என்பார்கள். பலர் வருடக்கணக்கில் காத்திருப்பது அதற்காகத்தான்.

இந்த ஏற்பாடு புதியவர்களுக்குச் சாதகமானது என்பது என் எண்ணம். வரிசையில் உங்கள் பக்கத்தில் படுத்திருப்பவர் நாட்டின் முன்னணிச் சுடுநராக இருக்கலாம். அவர் டிஸ்டிங்குவிஷ்ட் ஆகிவிட்டவர் என்றால் உங்கள் லெக் கணக்கில் அவர் வரவே மாட்டார்.

துப்பாக்கியும் சாமான்களும்

ராணுவ வகைத் துப்பாக்கிகளுக்கான சர்வீஸ் ரைஃபிள் பிரிவில் பெரும்பாலானோர் ஏ.ஆர்.-15 வகைதான் வைத்திருக்கிறார்கள். எம்-1 கேரண்ட், எம்-14 வகைகளுக்கும் அனுமதி உண்டு. விசை குறைந்தது 4.5 பவுண்டு எடையை விழாமல் தாங்க வேண்டும். 2016-லிருந்து குறி பார்க்க ஸ்கோப் வைக்கலாம், ஆனால் உருப்பெருக்கம் 4.5 மடங்குக்கு மேல் போகக் கூடாது. விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் அந்தந்த வருட விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டுப் பணம் செலவழியுங்கள். யாருக்குத் தகுதி உண்டு என்பதும் அதிலேயே இருக்கும்.

துப்பாக்கியைக் கையோடு இறுக்கும் தோல் ஸ்லிங், தடித்த கோட், கையுறை, பாய், இலக்கைப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப், காதுக்கும் கண்ணுக்கும் காப்பு, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறை காலியாக இருப்பதைக் காட்டும் பிளாஸ்டிக் கொடி. இவ்வளவும் வேண்டும். கோட்டையும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பையும் முதல் வருடம் யாரிடமாவது கேட்டு வாங்கிச் சமாளிக்கலாம், தர மறுத்தவரை நான் பார்த்ததில்லை. ஸ்கோர் புத்தகத்தை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஐம்பது தோட்டா, ஐந்நூறு புள்ளி

வழக்கமான முழுப் போட்டி இப்படிப் போகும். (இங்கே புள்ளி என்பது அன்றைய மதிப்பெண், லெக் புள்ளி வேறு.) 200 கெஜத்தில் நின்று 10 தோட்டா, 10 நிமிடம். அதே 200-ல் உட்கார்ந்தோ மண்டியிட்டோ வேகமாக 10 தோட்டா, 60 வினாடி. 300 கெஜத்தில் படுத்து வேகமாக 10 தோட்டா, 70 வினாடி. கடைசியாக 600 கெஜத்தில் படுத்து நிதானமாக 20 தோட்டா, 20 நிமிடம். வேகச் சுற்றுகளில் நடுவே ஒருமுறை மேகசின் (தோட்டாப் பெட்டி) மாற்ற வேண்டும். இ.ஐ.சி. போட்டியில் கணக்கில் சேராத பழகு தோட்டா கிடையாது. முதல் தோட்டாவே மதிப்பெண்.

நீங்கள் சுடாத நேரத்தில் இலக்குக் குழியில் வேலை செய்ய வேண்டியிருக்கும். இலக்கை இறக்கி, ஓட்டையில் அடையாளம் குத்தி, மறுபடி ஏற்ற வேண்டும். அந்த வேலையைச் சுறுசுறுப்பாகச் செய்யுங்கள். மேலே ஒருவருக்கு நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நின்று சுடுதல்: லெக் இங்கேதான்

200 கெஜ இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 7 அங்குலம். படுத்துக்கொண்டு சுட்டால் எளிது. நின்றால் அந்த வட்டம் கண் முன்னே ஆடிக்கொண்டே இருக்கும். புதியவர்கள் அதிகப் புள்ளி இழப்பது இந்தப் பத்துத் தோட்டாவில்தான், ஆனாலும் பயிற்சியில் அதிகம் தவிர்ப்பதும் இதையேதான்.

இதற்கு ரேஞ்சும் தோட்டாவும் தேவையில்லை. வீட்டிலேயே தினமும் கால் மணி நேரம் வெறும் விசைப் பயிற்சி போதும். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். துப்பாக்கியின் தோட்டா அறை காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பாதுகாப்பான திசையில் உள்ள சுவரில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி ஒட்டிக்கொள்ளுங்கள். இனி:

1. தாங்கும் கையின் முழங்கையை விலாவில் அல்லது இடுப்பெலும்பில் ஊன்றுங்கள். துப்பாக்கியின் பாரம் எலும்பில் இறங்க வேண்டும். தசையால் தூக்கிப் பிடித்தால் மூன்றாவது தோட்டாவிலேயே கை நடுங்கும்.

2. குறி பார்த்த நிலையிலேயே கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, திறந்து பாருங்கள். குறி புள்ளியை விட்டு விலகியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யாதீர்கள். பாதத்தை நகர்த்துங்கள். உடம்பு தானாகப் புள்ளியைப் பார்த்து நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும்.

3. ஆட்டம் குறையும் அந்தச் சில வினாடிகளில் விசையை நேராகப் பின்னால் அழுத்துங்கள். எட்டுப் பத்து வினாடிக்குள் வரவில்லையா, துப்பாக்கியை இறக்கிவிடுங்கள். ஒரு தோட்டாவுக்கு ஒரு நிமிடம் இருக்கிறது. 'சரி, எப்படியாவது விட்டுவிடுவோம்' என்று அழுத்திய தோட்டா ஏழிலோ ஆறிலோ போய் நிற்கும்.

4. விசை விழுந்த கணத்தில் குறி எங்கே இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 'வலது, கொஞ்சம் கீழே' என்பதுபோல. ரேஞ்சில் இதையே புத்தகத்தில் எழுதி, குழியிலிருந்து வரும் அடையாளத்தோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டும் ஒத்துப்போக ஆரம்பித்த நாளில்தான் நீங்கள் சுடுநராக ஆரம்பிக்கிறீர்கள். தோட்டா வலதில் விழுந்தது, நீங்களும் வலது என்றுதான் சொன்னீர்கள் என்றால் ஸ்கோப்பைத் தொடாதீர்கள், தவறு உங்களுடையது. நடுவில் என்று சொன்னது வலதில் விழுந்தால்தான் ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் திருகைத் திருப்ப வேண்டும்.

600 கெஜமும் காற்றும்

கடைசிக் கோட்டில் மட்டும் 200 புள்ளி இருக்கிறது. பத்துப் புள்ளி வட்டம் 12 அங்குலம். ஒரு கிளிக்குக்குக் கால் நிமிடக் கோணம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் நிமிடம்) நகரும் திருகில், ஒரு கிளிக் என்பது 200 கெஜத்தில் அரை அங்குலம், 600-ல் ஒன்றரை அங்குலம். இந்தக் கணக்கு மனப்பாடமாக வேண்டும்.

காற்றைக் கொடியில் மட்டும் பார்க்காதீர்கள். ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் குவியத்தை இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தால் கானல் ஓடுவது தெரியும். அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்துத் திருகைத் திருப்புங்கள். ஒஹாயோவின் கேம்ப் பெர்ரியில் 1907-லிருந்து தேசியப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே ஈரி ஏரியைப் பார்த்தபடி சுட வேண்டும், காலையில் ஒரு காற்று, மதியம் வேறு காற்று. அப்படிப்பட்ட இடத்தில் நினைவை நம்ப முடியாது. ஸ்கோர் புத்தகத்தைச் சொந்தமாக வாங்கச் சொன்னது இதற்காகத்தான். ஒவ்வொரு கோட்டுக்கும் உயரத் திருகு எத்தனையில் இருந்தது, காற்று, வெளிச்சம், எந்தத் தோட்டா, எல்லாவற்றையும் எழுதுங்கள். பழகு தோட்டா இல்லாத போட்டியில் போன மாதம் எழுதிய அந்தப் பக்கம்தான் உங்கள் முதல் தோட்டாவை நடுவில் சேர்க்கும்.

லெக்கைத் தொலைக்கும் தவறுகள்

என் இரண்டாவது வருடம். 600 கெஜத்தில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பதினாறாவது தோட்டாவைப் பக்கத்துக்காரரின் இலக்கில் சுட்டுவிட்டேன். கணக்கில் அது பூஜ்யம். அன்று லெக்குக்கு நான்கு புள்ளிதான் குறைந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு தோட்டாவுக்கும் முன் இலக்கு எண்ணை உதடு அசைத்துப் படிக்கிறேன். நீங்கள் முதல் நாளிலிருந்தே படியுங்கள்.

அப்புறம், 600-ல் பயிற்சி முடித்த கையோடு திருகை 200-க்குத் திருப்பி வையுங்கள். வேகச் சுற்றுக்கு மேகசின்களில் பத்துக்குப் பதில் ஒன்பது தோட்டா மட்டும் நிரப்பிக்கொண்டு வராதீர்கள்.

எங்கே தொடங்குவது?

உங்கள் மாநிலத்தில் ஹை பவர் போட்டி, அதாவது இந்த வகை ரைஃபிள் போட்டி நடத்தும் கிளப்பைத் தேடுங்கள். முதல் இரண்டு மூன்று போட்டிகள் சாதாரணப் போட்டிகளாக இருக்கட்டும். வாய்ப்பிருந்தால் கோடையில் கேம்ப் பெர்ரியில் நடக்கும் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபயரிங் ஸ்கூலுக்குப் போங்கள். ராணுவச் சுடுநர்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார்கள். பயிற்சியின் முடிவில் நடக்கும் போட்டியில் முன்னணியில் வரும் புதியவர்களுக்கு 4 புள்ளி அறிமுக லெக்கும் கிடைக்கும்.

உங்கள் புள்ளிகளை சி.எம்.பி. பதிவு செய்து வைத்திருக்கும். முடிவுப் பட்டியலை நீங்களும் சேமித்து வையுங்கள். முப்பது நிறைந்ததும் பேட்ஜ் வரும். அதன் பிறகும் அதே வரிசையில் படுத்துச் சுடலாம், ஆனால் பத்து சதவீதக் கணக்கில் உங்கள் பெயர் வராது. அந்த இடம் அடுத்து வருகிறவருக்கு.