கை இறுகும் காலத்தில் நீச்சலை எப்படிக் காப்பாற்றுவது

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் எங்கள் நீச்சல் குழுவில் முதலில் நின்றுபோனவர்கள் வாரம் நான்கு நாள் நீந்திய கெட்டிக்காரர்கள். 'நான்கு நாள் முடியாவிட்டால் எதற்கு?' என்றார்கள். முப்பத்தெட்டு வயதில் தட்டுத்தடுமாறி நீந்தக் கற்ற நான் மாதம் இருமுறையாவது போய்வந்தேன். ஆகவே முதலில் நாட்களைக் குறையுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகும் எனக்குக் கட்டணத்தைவிடப் பயணமே பாரம். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று அளந்து கொடுத்த நாட்களில் அது கணவரின் வேலைக்கே போதவில்லை. கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் நின்றபடி போனேன். அம்மாவின் மருந்து, வீட்டுச் சாமான், நீச்சல் மூன்றையும் ஒரே சனிக்கிழமையில் அடக்கினேன். நீங்களும் அப்படிச் செய்யலாம்.

கட்டணம் பேசுமுன் தடாகத்தின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். ஒருவர் நீந்தினாலும் நாற்பது பேர் நீந்தினாலும் பம்ப் ஓட வேண்டும், குளோரின் போட வேண்டும், உயிர்காப்பாளர் நிற்க வேண்டும். மின்கட்டணம் சராசரியாக 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. ஆட்கள் குறையக் குறைய அந்தச் சுமை மிஞ்சியவர்கள் தலையில் விழுந்தது. கட்டணம் ஏறியது, இன்னும் சிலர் நின்றார்கள். தனியாகப் போய்க் குறைக்கச் சொன்னால் முகாமையாளர் சிரிப்பார். எட்டுப் பேராகப் போய், உச்சி வெயிலில் யாரும் வராத ஒரு மணித்தியாலத்தை மூன்று மாதத்துக்குக் கேளுங்கள். நாங்கள் சீட்டுப் பிடித்துப் பணம் சேர்த்தோம். இடையில் மூடினால் மிச்சப் பணம் திரும்பும் என்று எழுத்தில் வாங்கத் தவறினோம். ஒரு மாதப் பணம் தண்ணீரோடு போயிற்று.

நீச்சலுடையைத் தின்பது குளோரின். உலர்ந்த துணி அதைக் கூடுதலாக உறிஞ்சும். எனவே நல்ல தண்ணீரில் நனைத்துக்கொண்டு இறங்குங்கள். வெளியே வந்ததும் அலசி, முறுக்காமல் துவாய்க்குள் சுருட்டி அழுத்தி, நிழலில் காயப்போடுங்கள். அடுப்புக்கு மேல் காயப்போட்டு என் முதல் உடையை நானே கெடுத்தேன். பின்பக்கம் கொசுவலை போலாகிவிட்டது. புதிது வாங்கினால் முழுப் பொலியெஸ்டரில் வாங்குங்கள். நீச்சல் கண்ணாடியின் உட்புறத்தை மட்டும் விரலால் தேய்க்காதீர்கள். பனிமூட்டம் தடுக்கும் பூச்சு போய்விடும்.

போகாத வாரங்களில் பழைய சைக்கிள் டியூப் ஒன்றை யன்னல் கம்பியில் கட்டி, குனிந்து, முழங்கையை உயர்த்தியபடி, தண்ணீரை இழுப்பதுபோல இழுங்கள். பத்து நிமிடம் போதும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

போட்டிக்காரர்களுக்கு ஒரு தந்திரம். வயது வந்தோருக்கான மாஸ்டர்ஸ் போட்டிகளில் 25 வயது முதல் ஐந்தைந்து வயதாகப் பிரிவு. பிரிவின் கடைசி ஆண்டுகளில் இருந்தால் பணத்தைச் செலவழிக்காமல் சேர்த்து வையுங்கள். அடுத்த பிரிவில் நீங்களே இளையவர். எனக்கு இப்போது 53. உண்டியல் 55க்காகக் காத்திருக்கிறது.

இலவசம் என்று ஹட்டனுக்கு அருகிலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மட்டும் இறங்காதீர்கள். கரை திடீரென்று ஆழமாகும், குளிரில் மூச்சு அடைக்கும், கூப்பிட்டால் வர உயிர்காப்பாளரும் இல்லை.