டின்னைத் திருப்பிப் பாருங்கள்: இன்ஜின் ஆயில் வாங்குவதில் நேரும் தவறுகள்

மோட்டார் சைக்கிளுக்கு ஆயில் வாங்கப் போகிறவர்கள் டின்னின் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். அங்கே சீறிப் பாயும் பந்தய வண்டியின் படம் இருக்கும். நமக்கு வேண்டிய விவரமோ பின்பக்கத்தில், பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. எஸ்.ஏ.இ. என்பது ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது அது எவ்வளவு கெட்டி என்பது; ஏ.பி.ஐ. என்பது தரநிலை, ஜாசோ என்பது கிளட்சுக்கு அது ஏற்றதா என்று சொல்லும் குறி. வண்டியோடு வந்த கையேட்டில் இருப்பதோடு இந்த மூன்றும் பொருந்திவிட்டால், எந்தக் கம்பெனி என்பது இரண்டாம்பட்சம்தான்.

இவற்றில் பலர் கண்டுகொள்ளாதது ஜாசோ. பெரிய செலவில் இழுத்துவிடுவதும் அதுதான். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் பிளேட்டுகள் அதில் ஊறியபடியே ஒன்றையொன்று இறுகப் பற்ற வேண்டும். காரில் இந்தக் கட்டாயம் இல்லை. அதனால் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, உராய்வைக் குறைக்கும் பொருள்களைப் பல கார் ஆயில்களில் கலக்கிறார்கள். காருக்கு நல்லது, நனைந்த கிளட்சுக்கு ஆகாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் மீந்திருந்த கார் ஆயிலை வீணாக்குவானேன் என்று வண்டியில் ஊற்றினேன். சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை முறுக்கினால் இன்ஜின் மட்டும் அலறும், வண்டி பழைய வேகத்திலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். கிளட்ச் கேபிளை இரண்டு முறை சரிசெய்து பார்த்த பிறகுதான் ஆயிலின் மேல் சந்தேகம் வந்தது.

இந்தச் சிக்கலுக்காகவே 1998இல் ஜப்பானில் ஜாசோ டி 903 என்ற தரநிலை வந்தது. எம்.ஏ., எம்.ஏ.2 என்ற குறிகள் நனைந்த கிளட்ச் உள்ள வண்டிகளுக்கானவை, எம்.ஏ.2 இன்னும் கூடுதலான பிடிப்பைத் தரும். எம்.பி. என்பது உராய்வு குறைந்த ஆயில். கிளட்ச் ஆயிலில் நனையாத ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர்களுக்கு அது சரி. கியர் வண்டிக்கு வேண்டாம். ‘ஒரு மூடி ஊற்றினால் இன்ஜின் வழுக்கிக்கொண்டு ஓடும்’ என்று விற்கும் தனி மருந்துகளையும் இதே காரணத்துக்காகத் தள்ளி வையுங்கள். வழுக்கிக்கொண்டு ஓடுவது இன்ஜினோடு நின்றுவிடாது, கிளட்சும் சேர்ந்து வழுக்கும்.

அடுத்தது, ‘கெட்டியாக இருந்தால்தான் இன்ஜினுக்குப் பாதுகாப்பு’ என்ற நம்பிக்கை. 10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவைதான் டின்னில் உள்ள எஸ்.ஏ.இ. எண்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. முதல் எண், குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டுகிறது. சிறிய எண்ணாக இருந்தால் விரைவாக ஓடும். இரண்டாவது எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் பாகுத்தன்மை. காலையில் இன்ஜினைக் கிளப்பியதும் கெட்டியான ஆயில் மேலே வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் வரை போய்ச் சேரத் தாமதமாகும். தேய்மானம் அதிகம் நடப்பதும் அந்த நேரத்தில்தான்.

செயற்கையாகத் தயாரித்த சிந்தெடிக் ஆயிலா, கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்த மினரல் ஆயிலா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. சிந்தெடிக் அதிகச் சூட்டைத் தாங்கும், மெதுவாகக் கெடும். ஆனால் அந்தச் சொல் ஒன்றே எம்.ஏ. குறிக்கு ஈடாகாது.

நிறத்தைப் பார்த்து ஆயிலை எடைபோடுவதும் பிழை. கரியையும் அழுக்கையும் தன்னுள் இழுத்துக்கொள்வது ஆயிலின் வேலை. கறுத்துவிட்டதாலேயே அது கெட்டுவிட்டது என்று பொருளில்லை. பால் கலந்தாற்போல வெளுத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது. மற்றபடி கையேடு சொல்லும் கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள்.

கடைசியாக அளவு. ஒரு லிட்டர் டின் வாங்கினோம் என்பதற்காக முழுவதையும் கவிழ்க்காதீர்கள். ஆயிலை மட்டும் மாற்றும்போது ஓர் அளவு, ஃபில்டரையும் மாற்றினால் சற்றுக் கூடுதல், இன்ஜினைப் பிரித்துக் கோத்தால் இன்னும் கூடுதல் என்று கையேட்டில் தனித்தனியாகப் போட்டிருக்கும். அதிகமானால் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். ஆயிலை ஊற்றி, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் அடியில் இறங்கியதும் வண்டியை நேராக நிறுத்தி, ஆயில் அளவைக் காட்டும் கோடு போட்ட குச்சியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். சில வண்டிகளில் அதைத் திருகாமல் செருகி மட்டும் பார்க்க வேண்டும். சிலவற்றில் முழுதும் திருக வேண்டும். இதை மாற்றிச் செய்தால் கோடு ஏமாற்றிவிடும். மீதி ஆயிலை மூடி வையுங்கள், இடையில் அளவு இறங்கினால் நிரப்ப அதுவே உதவும்.