வைஃபை கேமரா பொருத்துகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடங்கள்

செயலியில் 'கேமரா ஆஃப்லைன்' என்று வந்ததும் பலர் நேராகக் கேமராவைக் கழற்றி, ரீசெட் பொத்தானை அழுத்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். கொஞ்ச நேரம் ஓடும். மறுநாள் அதே தொல்லை. கேமராவே கெட்டுப்போவது அபூர்வம். அதற்கு முன் சந்தேகப்பட வேண்டியவை மூன்று: அதற்குப் போகும் மின்சாரம், அதற்குக் கிடைக்கும் சிக்னல், அதற்கு ரவுட்டர் கொடுத்த முகவரி. நெட்வொர்க் சொற்கள் பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் இவற்றில் எது சறுக்குகிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

'வயர்லெஸ்' என்ற பெயரே முதல் குழப்பம். படம் போகும் கம்பிதான் கிடையாது, மின்சாரக் கம்பி உண்டு. பேட்டரியில் ஓடுபவை வேறு ரகம். அவை பெரும்பாலான நேரம் தூங்கும். உடல் வெப்பத்தின் அசைவை உணரும் பிஐஆர் சென்சார் தட்டி எழுப்பினால் சில விநாடிகள் பதிவு செய்துவிட்டு மறுபடி தூங்கும். நாள் முழுக்க இடைவிடாத பதிவு வேண்டுமென்றால் அவை சரிப்படாது.

இருட்டினால் அணைகிற கேமரா

பகலில் ஒழுங்காக ஓடி, இருட்டியதும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும் கேமராவைப் பார்த்தால் வைஃபையைத் தொடாதீர்கள், மின்கம்பியைப் பாருங்கள். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும்போது கேமரா இழுக்கும் கரன்ட் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 20 மீட்டர் தள்ளியிருக்கும் கேமராவுக்கு லேன் கேபிளின் ஒரே ஒரு ஜோடியில் மின்சாரம் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 24 கேஜ் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம். போக 20, வர 20 என்று 40 மீட்டருக்கு ஏறக்குறைய 3.4 ஓம். பகலில் 0.3 ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட் குறையும், கேமரா தாங்கிக்கொள்ளும். இரவில் 0.7 ஆம்பியர் ஆனால் 2.4 வோல்ட் போய்விடும். கேமராவுக்குக் கிடைப்பது 9.6 வோல்ட்தான். யுஎஸ்பி வழியாக 5 வோல்ட்டில் ஓடுபவற்றுக்கு இது இன்னும் மோசம், இழப்பதற்கு அங்கே கையிருப்பே இல்லை.

மல்டிமீட்டரைக் கேமரா முனையில் வைத்து, விளக்குகள் எரியும் நேரத்தில் அளக்க வேண்டும். அடாப்டர் முனையில் அளந்தால் எப்போதும் 12 என்றுதான் காட்டும். தடித்த கம்பி போடுங்கள், அல்லது அடாப்டரைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள்.

சிக்னல்: எங்கே அளப்பது, எதை அளப்பது

வீட்டு வைஃபை பொதுவாக இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரை ஓரளவு ஊடுருவும், ஆனால் நெரிசல் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். விலை குறைந்த கேமராக்களில் பல 2.4-ஐ மட்டுமே அறியும். ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், போன் 5-இல் நிற்க, கேமரா 2.4-இல் தேட, சில மாடல்களில் இணைப்பு அரைகுறையாக நின்றுவிடும். பொருத்தும் நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்துவைத்தால் வேலை முடிந்தது. பாதுகாப்பு முறை 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்றிருந்தாலும் பழைய கேமரா உள்ளே வராது. 2, 3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள்.

ரவுட்டருக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்து இணைத்துப் பார்த்துவிட்டு, பிறகு வெளிச்சுவரில் கொண்டுபோய் மாட்டுவது அடுத்த தவறு. மாட்டப்போகும் இடத்திலேயே, துளை போடுவதற்கு முன் அளந்து பாருங்கள். சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அலகில் எதிர்மறை எண்ணாக வரும், பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 அருமை, மைனஸ் 67 வரை போதும், மைனஸ் 75-ஐத் தாண்டினால் படம் திக்கும், மைனஸ் 80-இல் இணைப்பு நிற்பதே அதிர்ஷ்டம். போன் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கேமராவின் ஆன்டெனா சிறியது, அதுவும் சுவரோடு ஒட்டி நிற்கிறது. செயலிக்குள் கேமராவே தன் சிக்னலைச் சொல்லும் வசதி இருந்தால் அந்த எண்தான் கணக்கு.

2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. 'கொஞ்சம் காலியாக இருக்கிறது' என்று 3-ஐத் தேர்ந்தெடுத்தால் 1, 6 இரண்டின் இரைச்சலும் உங்களுக்கே. சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். ரிப்பீட்டர் போடுகிறவர்கள் அதைச் சிக்னலே எட்டாத மூலையில் செருகுகிறார்கள்; அங்கே அது எதைத் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில் வைக்க வேண்டும். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுக்கும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: வைஃபையில் எல்லோரும் ஒரே காற்றைப் பகிர்கிறார்கள். சிக்னல் குறைந்த ஒரு கேமரா மெதுவாகப் பேசுவதால் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அதே அலைவரிசையில் உள்ள மற்ற கருவிகள் காத்திருக்கும். கடைசி மூலையில் இருக்கும் ஒரு கேமரா எல்லாக் கேமராக்களையும் திக்கவைப்பது இப்படித்தான். அந்த ஒன்றுக்கு மட்டும் லேன் கம்பி இழுத்துவிடுவது உத்தமம். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். பிஓஇ வசதியுள்ள கேமராவானால் அதே கம்பியில் மின்சாரமும் வரும்.

பிட்டும் பைட்டும்

இணைய வேகம் மெகாபிட்டில், மெமரி கார்டு கிகாபைட்டில். 8 பிட் ஒரு பைட். இதைக் கலந்தால் எல்லாக் கணக்கும் எட்டு மடங்கு பிசகும். 2 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 2 மெகாபிட்) வேகத்தில் ஓடும் கேமரா விநாடிக்கு 0.25 மெகாபைட், மணிக்கு 900 மெகாபைட், நாளுக்கு 21.6 கிகாபைட் எழுதும். 128 கிகாபைட் கார்டில் ஆறு நாள்கூட முழுதாக நிற்காது. ஒரு மாதப் பதிவு இருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

வெளியிலிருந்து பார்க்கும்போது திக்கினால் டவுன்லோடு வேகத்தைச் சோதிப்பதில் பயனில்லை. வீட்டிலிருந்து படம் வெளியே போவதற்கு அப்லோடுதான் வழி. தலா 4 எம்பிபிஎஸ் கேட்கும் நான்கு கேமராக்களை ஒன்றாகத் திறந்தால் 16 எம்பிபிஎஸ் அப்லோடு வேண்டும். எச்.264-க்குப் பதில் எச்.265 குறிமுறையைத் தேர்ந்தால் ஏறக்குறைய அதே தெளிவுக்குப் பாதி அளவு போதும்.

முகவரி மாறிப்போகும் மாயம்

ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.20 போன்ற ஓர் ஐபி முகவரியைத் தற்காலிகமாக வழங்குகிறது. வழங்கும் வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். கரன்ட் போய் வந்தால் கேமராவுக்கு வேறு எண் கிடைக்கலாம். கேமராப் படங்களை நெட்வொர்க் வழியாக வாங்கிப் பதிவு செய்யும் பெட்டியான என்விஆர் பழைய எண்ணில் தேடிக்கொண்டிருக்கும், திரை கறுப்பாகவே இருக்கும்.

இதைச் சரிசெய்கிறேன் என்று கேமராவுக்குள் போய் 192.168.1.20 என நிலையாக எழுதிவிடுவது பாதி வைத்தியம். ரவுட்டருக்கு அது தெரியாது. அடுத்து வரும் போனுக்கு அதே 20-ஐக் கொடுத்துவிடலாம். பிறகு இரண்டும் மாறி மாறி அறுந்துபோகும். ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில், கேமராவின் மேக் முகவரிக்கு ஓர் ஐபியை ஒதுக்கி வையுங்கள். மேக் என்பது கருவியோடு பிறந்த 12 இலக்க அடையாளம், பெரும்பாலும் கேமராவின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். ரவுட்டரில் அந்த வசதி இல்லையா? வழங்கும் எல்லையை 100 முதல் 200 வரை சுருக்கிவிட்டு, நிலையான எண்களை அதற்கு வெளியே வையுங்கள்.

கேமரா விருந்தினர் நெட்வொர்க்கிலும் போன் முதன்மை நெட்வொர்க்கிலும் இருந்தால் ஒன்றையொன்று பார்க்காது. அது பழுதல்ல, பிரித்துவைப்பதுதான் அதன் வேலை. வைஃபை கேமராவோடு அனலாக் டிவிஆர் வாங்கி வருவதும் நடக்கிறது. கோஆக்சியல் கம்பிக்கான பெட்டி அது. சில கலப்பு மாடல்கள் தவிர ஐபி கேமராவை ஏற்காது. என்விஆர் வாங்கும்போது கேமரா, என்விஆர் இரண்டிலும், வெவ்வேறு நிறுவனக் கருவிகளைச் சேர்ந்து இயங்கவைக்கும் ஆன்விஃப் பொதுத்தரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவைத் திறந்து வைக்காதீர்கள்

போர்ட் என்பது ஒரே முகவரிக்குள் இருக்கும் கதவு எண். 80 வலைப்பக்கத்துக்கு, 554 ஆர்டிஎஸ்பி காணொலிக்கு. போர்ட் ஃபார்வர்டிங் செய்தால் இணையத்தில் யார் தட்டினாலும் அந்தத் தட்டல் நேராகக் கேமராவுக்குப் போகும். 2016-இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த அறுபத்துச் சொச்சம் பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே ஏராளமான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அவற்றைக் கொண்டு டைன் நிறுவனத்தின் பெயர்ச் சேவையை (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்) தாக்கியதில் ட்விட்டர் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் திக்குமுக்காடின.

ஆகவே கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள், கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், ரவுட்டரில் யுபிஎன்பியை அணையுங்கள். கேட்காமலே கதவு திறந்துவிடுவது அதுதான். வெளியிலிருந்து பார்க்க, வீட்டு நெட்வொர்க்குக்குள் பூட்டிய சுரங்கப்பாதைபோல நுழையவிடும் விபிஎன் நல்ல வழி. ஃபார்வர்டிங் செய்தும் வேலை செய்யவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் ரவுட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது இணையப் பக்கம் அதற்குக் கிடைத்த முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையே தொடங்கினால் உங்கள் இணைப்பு சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பொது முகவரியைப் பலரோடு பகிர்கிறீர்கள், எந்தக் கதவைத் திறந்தாலும் வெளியிலிருந்து எட்டாது. விபிஎன் சர்வரை வீட்டில் வைப்பதற்கும் அதே தடை உண்டு என்பதால், இணைய நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேளுங்கள், இல்லையென்றால் கேமராவின் கிளவுட் சேவையோடு சமாதானமாகுங்கள்.

மிச்சம் சில்லறை விஷயங்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்தால் இரவில் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகும். சாதாரண மெமரி கார்டு இரவு பகலாக எழுதுவதைத் தாங்காது. 'ஹை என்ட்யூரன்ஸ்' என்று போட்டிருப்பதை வாங்குங்கள். நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் என்டிபியையும் நேர மண்டலத்தையும் சரியாக வையுங்கள். மாதம் ஒருமுறை நேற்றிரவுப் பதிவு ஒன்றைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். நேரலை அழகாகத் தெரியும்போதே கார்டு செத்துக் கிடப்பதுண்டு.