வண்டிச் சாவியைப் பூட்டி வைத்துவிட்டு ஊர் தேடுங்கள்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வுத் திட்டத்தில் 2020 ஜனவரி 31-ஆம் தேதி வெளியே வந்தவள் நான். அன்று ஒரே நாளில் நாடு முழுக்க ஏறத்தாழ 78,000 பேர் வீட்டுக்குப் போனோம். ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: "அப்புறம், எந்த ஊருக்குப் போறீங்க?" எனக்குப் பதில் தயாராக இருந்தது. அது தப்பு என்று தெரிய இரண்டு வருடம் ஆனது. அடுத்த பதிலும் தப்பு. மூன்றாவதாக வந்து சேர்ந்த ஊரில் இப்போது இருக்கிறோம். மூன்று முறை லாரியில் சாமான் ஏற்றிக் கற்றதை எழுதுகிறேன். உங்களுக்கு ஒரு லாரியோடு போகட்டும்.

முதலில் ஊர்ப் பெயரை எழுதாதீர்கள். ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் 'அவர் இல்லாமல் நான்', மறுபக்கம் 'நான் இல்லாமல் அவர்'. சங்கடமாகத்தான் இருக்கும். "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது" என்று என் வீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். ஆனால் இருவரும் திடமாக இருக்கும் வரை எந்த ஊரிலும் காலம் ஓடிவிடும். ஒருவர் படுத்துவிட்ட பிறகு, அல்லது ஒருவர் மட்டும் மிஞ்சிய பிறகு வரும் வருடங்களுக்குத்தான் யோசித்து ஊர் தேட வேண்டியிருக்கிறது.

எங்கள் நோட்டில் விழுந்தவை: எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவருக்குச் சமையல் ரசத்தோடு சரி. இடது காது மந்தம், போனில் பேசினால் பாதி புரியாது. வருமானமும் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. நான் இருக்கும் வரை கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி பென்ஷனாக வரும். எனக்குப் பின் அவருக்குக் குடும்ப ஓய்வூதியம். ஆரம்பத்தில் சில காலம் கூடுதலாகக் கிடைத்தாலும் கடைசியில் அது 30 சதவீதத்தில் வந்து நிற்கும். அவர் தனியார் கம்பெனியில் கணக்கெழுதியவர், பி.எஃப். பென்ஷன் இரண்டாயிரத்துச் சொச்சம். ஆகவே வாடகையையும் பராமரிப்புக் கட்டணத்தையும் அந்த 30 சதவீதத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பென்ஷனையும் கூட்டிப் பார்த்து வீடு பிடித்து, ஒருவர் போனதும் அந்த வருத்தத்தோடு வீடும் மாற்ற வேண்டி வந்த தோழிகள் எனக்கு உண்டு.

சரி, எங்கள் முதல் பதில் சொந்த ஊர். நீடாமங்கலத்துக்குத் தெற்கே, மன்னார்குடி போகிற வழியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய கிராமம். 2020 பிப்ரவரியில் போனோம். அடுத்த மாதமே ஊரடங்கு. அப்போது எங்களைப் பார்த்துப் பொறாமைப்படாத சென்னைச் சொந்தக்காரர் இல்லை. கொல்லையில் கீரை, திண்ணையில் காற்று, வாடகை கிடையாது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு பிரஷர் மாத்திரைகூட வாசலுக்கே வந்தது. கிராமத்தில் வைத்தியம் இல்லை என்று சொன்னவர்களிடம் நானே சண்டை பிடித்திருக்கிறேன்.

அந்த நவம்பரில், நல்ல மழை ராத்திரி ஒன்றில், அவருக்கு நெஞ்சு அடைத்தது. 108-க்கு அடித்தபோது மணி 11.10. வண்டி வந்தது 11.35. அந்த மழைக்கும் அந்த ரோட்டுக்கும் அது நல்ல வேகம். குறை சொல்ல மாட்டேன். கும்பகோணம் போகக் கிளம்பி, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டினோம். அந்தக் கேட்டைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திறக்க 20 நிமிடம். ஆஸ்பத்திரிக்குள் ஸ்ட்ரெச்சர் நுழைந்தபோது 12.50. எல்லாம் பார்த்துவிட்டு வெறும் வாயு என்றார்கள். இரண்டு நாள் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரத்தைக் குறித்து வைப்பது எக்ஸ்சேஞ்சில் ஒட்டிக்கொண்ட பழக்கம். நோட்டில் 100 நிமிடம் என்று இருந்தது. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகு. நான் பக்கத்தில் இருந்து, போன் எடுத்து, வழி சொல்லியே 100 நிமிடம். காது கேட்காத அவர் எனக்காக அதே போனை அடித்திருந்தால்?

எங்கள் காலத்தில் வெளியூருக்கு ஆபரேட்டர் போட்டுத் தரும் டிரங்க் கால் மூன்று வகை: ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங். லைட்னிங்குக்குப் பல மடங்கு கட்டணம். வந்தால் மற்றதையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு அதைத்தான் முதலில் போடுவோம். ஓய்வுக்கால ஊரில் உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்பதையும் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

லைட்னிங்கில் வருபவை மூன்றுதான்: இருதயம், பக்கவாதம், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது. ராத்திரியும் சி.டி. ஸ்கேனும் ஐ.சி.யூ.வும் ஓடுகிற ஆஸ்பத்திரி உங்கள் கட்டிலிலிருந்து எத்தனை நிமிடம் என்று பாருங்கள். கிலோமீட்டரைக் கேட்காதீர்கள், கேட்டுக்கும் திருவிழாவுக்கும் கிலோமீட்டர் தெரியாது. போர்டில் '24 மணி நேரம்' என்று எழுதியிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு நேரில் போய், ட்யூட்டி டாக்டர் இருக்கிறாரா, ஸ்கேன் எடுப்பவர் உள்ளே இருக்கிறாரா அல்லது போன் செய்தால் வருவாரா என்று கேளுங்கள். இன்ஷூரன்ஸோ அரசு மருத்துவ அட்டையோ இருந்தால் அதை அங்கே ஏற்கிறார்களா என்பதையும் அன்றே கேட்டுவிடலாம். நான் இப்படி நாலு இடத்தில் கேட்டேன். ஒரு இடத்தில் வாட்ச்மேன்தான் பதில் சொன்னார்.

லேப், மருந்துக்கடை, பல் டாக்டர், பிளம்பர், வேலைக்கு வரும் அம்மா, வங்கி எல்லாம் அர்ஜென்ட். இதில் வங்கி இப்போது கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. உயிர்வாழ் சான்றிதழுக்காக நவம்பரில் கிளை வாசலில் வரிசை நின்றது போய், 2014-இல் வந்த ஜீவன் பிரமாண் என்ற ஆன்லைன் முறையில் இன்று முகத்தைப் போனில் காட்டினாலே வேலை முடிகிறது. தபால்காரரை வீட்டுக்கே கூப்பிட்டும் எடுத்துக்கொள்ளலாம். பென்ஷன் கிளைக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று பழைய ஊரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

கோயில், பூங்கா, குளிர்ந்த காற்று, நல்ல காப்பி இவையெல்லாம் ஆர்டினரி. ஊர் தேடுகிற எல்லாருமே இங்கேதான் ஆரம்பிக்கிறோம். நாங்கள் கோவைக்குப் போனது அப்படித்தான்.

2022-இல் கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் பக்கம், முதியோருக்கென்று கட்டிய ஒரு வளாகத்தில் வாடகைக்கு வீடு எடுத்தோம். காலையில் கதவைத் திறந்தால் மலை. சாப்பாட்டுக் கூடம், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், கட்டில் பக்கத்தில் அழைப்பு மணி. சிறுவாணித் தண்ணீரைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லக் கேட்டுப் போனோம். எங்கள் குழாயில் வந்தது போர்வெல். (இதைக் கேட்காமல் போனது என் தப்பு. ஊருக்கு என்ன தண்ணீர் என்று கேட்டேன், இந்த வீட்டுக்கு என்ன தண்ணீர் என்று கேட்கவில்லை.) ஆனாலும் ஏழு மாதம் சொர்க்கம்தான். ஸ்கூட்டரில் அவர் முன்னால், நான் பின்னால், காய்கறிக்கு ஒரு சுற்று, காப்பிக்கு ஒரு சுற்று.

அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. சாதாரண ஆபரேஷன், அன்றே வீடு. ஒரு மாதம் வண்டி தொடக் கூடாது என்றார்கள். அந்த ஒரு மாதத்தில்தான் அந்த ஊர் எங்களுக்கு எவ்வளவு தூரம் என்று தெரிந்தது. பஸ் ஒன்றரை மணிக்கு ஒன்று, அதற்கும் முக்கால் கிலோமீட்டர் நடை. யானை இறங்கும் பாதை என்பதால் ராத்திரி எட்டுக்கு மேல் ஆட்டோ வராது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சொட்டு மருந்து தீர்ந்து, வாங்கப் போய்வர எனக்கு அரை நாள் ஆனது. அழைப்பு மணியை ஒரு முறை அடித்துப் பார்த்தேன். வந்தவர் நல்ல பையன், ஆனால் ஒரே ஆள். அவருக்குக் கேட்டையும் பார்க்க வேண்டும், மோட்டாரையும் போட வேண்டும். பராமரிப்புக் கட்டணம் அந்த வருடத்தில் இரண்டு முறை ஏறியது. ஒப்பந்தத்தில் 'அவ்வப்போது மாற்றியமைக்கப்படும்' என்று ஒரு வரி இருந்திருக்கிறது. படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த வரியின் அர்த்தம் அப்போது புரியவில்லை. நீங்கள் கையெழுத்துப் போடுவதானால், வருடத்துக்கு அதிகபட்சம் எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள், படுத்த படுக்கையானால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, ராத்திரி நர்ஸ் எத்தனை வீட்டுக்கு ஒருவர் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

அதனால்தான் சொல்கிறேன். பிடித்த ஊரில் வாங்குவதற்கு முன் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குப் போங்கள். அங்கே ஒரு வாரம் வண்டிச் சாவியை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பால், காய், மாத்திரை, ரத்தப் பரிசோதனை, ஒரு கல்யாணம், ஒரு துக்கம் எல்லாவற்றுக்கும் நடந்தோ பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போய் வாருங்கள். அந்த ஏழு நாளில் ஒரு நாள், இருவரில் ஒருவர் எதுவுமே செய்யாமல் படுத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த நாளில் நான் படுத்தேன். ரசம் நன்றாகத்தான் இருந்தது.

ஊரின் மோசமான மாதத்தில் இதைச் செய்யுங்கள். ஜனவரியில் எல்லா ஊரும் அழகு. டெல்டா என்றால் நவம்பர். 2018-இல் கஜா அடித்தபோது எங்கள் பக்கத்தில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் என்றால் டிசம்பர் முதல் வாரம். 2015-ம் 2023-ம் மறந்திருக்காது. திருச்சி என்றால் அக்னி நட்சத்திரம். தண்ணீர் எதுவரை ஏறும் என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள், தெரு முனையில் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள்.

பையனோடு போய் இருக்கலாமே என்று கேட்பீர்கள். பெங்களூரில் 14-ஆவது மாடி. இரண்டு மாதம் இருந்து பார்த்தோம். பேரனும் நல்லவன், மருமகளும் நல்லவள். பகலில் அவர்கள் நாலு பேரும் வெளியே. நாங்கள் இருவரும் லிஃப்டும் மட்டும். கீழே காய்க்காரரிடம் பேரம் பேசக் கன்னடம் வரவில்லை. பேரம் பேச முடியாத ஊரில் எனக்கு வேலை இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று. பிள்ளைகளோடு போவதற்காக இருக்கும் வீட்டை அவர்கள் பேருக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதியே ஆக வேண்டுமானால், கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவில், அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க வழி இருக்கிறது. நிபந்தனை வாய்ப்பேச்சாக மட்டும் இருந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான். பழைய வீட்டை விற்பதானாலும், புது ஊரில் ஒரு மோசமான மாதம் கழிந்த பிறகு விற்கலாம். கிராமத்து வீட்டை நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம்; பொங்கலுக்குப் போகிறோம், கேட்டில் நிற்கிறோம்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியதை இன்ச் டேப்போடு பாருங்கள். தரைத்தளம், அல்லது ஸ்ட்ரெச்சர் நுழைகிற லிஃப்ட். பழைய வீடுகளில் பாத்ரூம் கதவு இரண்டடிதான் இருக்கும். சக்கர நாற்காலி அதில் நுழையாது. கதவு வெளிப்பக்கம் திறந்தால் நல்லது. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்பக்கம் தள்ளித் திறக்க முடியாது. கைப்பிடி மாட்ட வீட்டு ஓனர் சம்மதிப்பாரா என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். கொடுத்த பிறகு டைல்ஸ் மேல் அவருக்குப் பாசம் வந்துவிடும்.

2023-இல் திருச்சி உறையூருக்கு வந்தோம், தரைத்தளம், வாடகை. அழகான தெரு என்று சொல்ல முடியாது. மேயில் சுவர் ராத்திரியும் சுடும். ஆனால் ஆஸ்பத்திரிகள் வரிசையாக இருக்கும் தில்லைநகருக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். ராத்திரி பதினொன்றுக்கும் போய்ப் பார்த்து நோட்டில் எழுதியிருக்கிறேன். மருந்துக்கடைப் பையன் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து தருகிறான். அவர் இடது காதில் பேசக் கூடாது என்று தெருவுக்கே தெரியும். பால் பாக்கெட்டை ஏழு மணி வரை எடுக்காவிட்டால் எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டுகிறார். இந்தக் கடைசி விஷயத்தை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது. இருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேர்ந்தெடுத்தபோது பார்த்த எல்லாமே அப்படியே நிற்பதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் என்று ஒரு டிக் போட்டிருந்தேன். 2025-இல் வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூருக்குப் போய்விட்டன. அந்த டிக்கை அழித்தேன். வருடா வருடம் ஜனவரியில் நோட்டை எடுத்து இரண்டு பக்கத்தையும் மறுபடி நிரப்புகிறோம். இப்போது அவரும் எழுந்து போவதில்லை. ஓனர் அடுத்த வருடம் வீட்டை விற்கப் போகிறாராம். இதே தெருவில் தரைத்தளம் இரண்டு காலியாகும் என்று இஸ்திரிக் கடையில் சொன்னார்கள். டேப்போடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றில் பாத்ரூம் கதவு முப்பது அங்குலம், வெளியே திறக்கிறது.